உள்ளே ஆள் இல்லை!

"அந்தப் பூட்ட வெட்டித் தூரப் போடுங்க!"

வலது காதுக்குள் யாரோ கத்தினார்கள்.

முப்பிடாதி கண்ணைத் திறந்தான்.

இருட்டு!

மூடினான். திறந்தான். அதே இருட்டு... கொஞ்சம்கூடக் குறையவில்லை.

பின்மண்டை விண்விண்ணென்று தெறித்தது. தடவிப் பார்க்கக் கையை எடுத்தான். கை வரவில்லை. இரண்டு மணிக்கட்டையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்து, ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கியிருந்தார்கள். கால்களும் அப்படியே. 'யாருலே அது!' என்று கத்த நினைத்தான். வாய் திறக்கவில்லை. அட்டைப்பெட்டி ஒட்டுகிற டேப்!

மூக்கு மட்டும்தான் மிச்சம்.

அது சொல்லிவிட்டது, அவன் எங்கே கிடக்கிறான் என்று.

தவிடு. கடலைப் புண்ணாக்கு. புளித்த வெல்லப்பாகு.

மிக்ஸர்!

ஆழ்வார்குறிச்சியைத் தாண்டி, மலையைப் பார்த்தாற்போல் இருக்கிற மாட்டுத் தீவனக் கம்பெனியில் முப்பிடாதி பதினாறு வருடமாக ஃபிட்டர். அந்த மிக்ஸரை வீட்டு அடுக்களை போல அவனுக்குத் தெரியும். பன்னிரண்டடி நீள இரும்புத் தொட்டி. நடுவே தொடை பருமனில் சுழலும் தண்டு, ஷாஃப்ட். அதைச் சுற்றி நாற்பத்தெட்டு பிளேடுகள். இரண்டு டன் தீவனத்தை நாலே நிமிடத்தில் புரட்டி எடுக்கும்.

எழுபது கிலோ முப்பிடாதிக்கு எத்தனை விநாடி?

அதற்கு மேல் அவன் கணக்குப் போடவில்லை.

"சார், பூட்ட வெட்டணும்னா முறை இருக்கு சார்..." இப்போது காதில் ஒரு பெண் குரல். கெசியா! பாளையங்கோட்டைக்காரப் பெண். டிப்ளமோ படித்துவிட்டு மின்சார பேனல் ரூமைக் கவனித்துக்கொள்கிறாள்.

அப்போதுதான் முப்பிடாதிக்குப் புரிந்தது. குரல்கள் வந்தது அவனுடைய வாக்கி-டாக்கியிலிருந்து! இடுப்பில், சட்டைக்குள் செருகியிருந்தான். அதிலிருந்து ஒயர் ஏறிக் காதுக்குள் இயர்போன். தூசிக்காகக் காதையும் சேர்த்துத் தலையில் கட்டியிருந்த துண்டு அதை மறைத்திருந்தது. மண்டையில் அடித்தவன் பார்க்கவில்லை.

அடித்தவன் யார்?

காலையில் உடைந்த பிளேடுகளுக்கு வெல்டிங் வைத்தார்கள். அவனும் ஹெட் ஃபிட்டர் கருத்தையாவும். பத்து மணிக்கு வேலை முடிந்தது. கருத்தையா டீ குடிக்கப் போனார். இவன் ஸ்பானர்களைப் பொறுக்கக் குனிந்தான்...

அவ்வளவுதான் ஞாபகம்!

"என்ன பெரிய முறை கெசியா?" மேனேஜர் ஜெய்சனின் குரல் எரிந்து விழுந்தது. "வேலை முடிஞ்சு முக்கா மணி நேரமாச்சு. லோடு ஏத்த லாரி நிக்குது. நீங்க உங்க பூட்ட எடுத்தாச்சு. கருத்தையா எடுத்தாச்சு. முப்பிடாதி பூட்டு மட்டும் ஏன் தொங்குது?"

"அதைத்தான் சார் நானும் கேக்கேன்."

அந்தக் கம்பெனியில் மெஷினுக்குள் யார் இறங்கினாலும் முதல் வேலை, பேனல் ரூமுக்குப் போய் மெயின் சுவிட்சை அணைப்பது. அணைத்த சுவிட்சின் கைப்பிடியில் ஒரு கொக்கி. இறங்குகிற ஒவ்வொருவரும் தன் சிவப்புப் பூட்டை அதில் மாட்ட வேண்டும். பூட்டோடு ஓர் அட்டை. அதில் அவன் படம். 'உள்ளே ஆள் இருக்கு, தொடாதே!' கடைசிப் பூட்டு கழலும்வரை சுவிட்ச் மேலேறாது. மெஷின் ஓடாது.

இப்போது கடைசிப் பூட்டு அவனுடையது. அதை வெட்டத்தான் பேச்சு நடக்கிறது!

"அவன் வயித்துவலின்னு பின் கேட் வழியா வீட்டுக்குப் போயிட்டான் சார்..." மூன்றாவது குரல். கருத்தையா! "நானே பாத்தேன். சாவியையும் சேத்துக் கொண்டுபோயிட்டான் போல."

முப்பிடாதி காதைத் தீட்டிக்கொண்டான். அண்ணாச்சி யாரைப் பார்த்தார்? வேறு யாரையோ பார்த்துவிட்டு நான் என்று நினைத்துவிட்டாரா?

"போனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் போவாவ." கெசியா விடவில்லை. "போன் அடிச்சேன் அண்ணாச்சி. சுவிட்ச் ஆஃப்னு வருது. வெட்டணும்னா யாராவது உள்ள எட்டிப் பாக்கணும். பாத்தவுகதான் ஃபார்ம்ல கையெழுத்துப் போடணும்."

"அதான் போட்டு அனுப்பியிருக்கேன்ல? கையிலதானே இருக்கு ஃபார்ம்?"

"இருக்கு சார். ஆனா நீங்க ஆபீஸ விட்டு இறங்கவே இல்லயே..."

மேனேஜர் பேச்சை மாற்றினார்.

"கருத்தையா! இந்தம்மா மனசு ஆற, போய் ஒரு தடவ எட்டிப் பாருவே!"

"இந்தா போறேன் சார்."

முப்பிடாதிக்கு உயிர் வந்தது!

கருத்தையா வருகிறார். பதினாறு வருடமாக ஒரே தூக்குச்சட்டியில் பங்கு போட்டுச் சாப்பிட்ட மனிதர். முப்பிடாதியின் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் குடை பிடித்தவர்.

'வாங்க அண்ணாச்சி... வேகமா வாங்க...'

கட்டிய கால்களைத் தூக்கித் தொட்டியில் இடித்தான். டம்! டம்! பக்கத்து அரவை மெஷின் போட்ட இரைச்சலில் அவனுக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

இரும்புப் படியில் பூட்ஸ் சத்தம். போல்ட் கழலும் சத்தம்.

மேல்மூடி திறந்தது. பளீரென்று டார்ச் வெளிச்சம்!

வெளிச்சத்துக்குப் பின்னால் கருத்தையாவின் முகம். நரைத்த மீசை. நெற்றியில் திருநீறு.

முப்பிடாதி தலையை ஆட்டினான். கண்ணால் கெஞ்சினான். 'உம்ம்... உம்ம்...'

கருத்தையா அவனையே பார்த்தார். திடுக்கிடவில்லை. பதறவில்லை.

"முழிச்சிட்டியாலே..." என்றார் பைய.

முப்பிடாதி தலையை ஆட்டுவதை நிறுத்தினான்.

"சாவிய எங்கலே வச்ச? கழுத்துல இல்ல. பையில இல்ல. சாக்ஸுக்குள்ளயும் தேடிட்டேன். சாவி மட்டும் கெடச்சிருந்தா இவ்வளவு கூத்து கெடையாது. நானே பூட்ட எடுத்திருப்பேன். நீ முழிக்காமலே போய்ச் சேந்திருப்ப."

சாவி அவனிடம் இல்லவே இல்லை! ஆழ்வார்குறிச்சியில், வீட்டுக் கொடியில், நேற்றுப் போட்ட சட்டையின் பையில் கிடந்தது. அந்தப் பூட்டை அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும். திறக்கத்தான் சாவி வேண்டும். காலையில் பூட்டிய பிறகுதான் நினைவு வந்தது. கெசியா திட்டுவாளே என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டான்.

அந்த மறதிதான் இதுவரை அவனுக்கு மூச்சைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது!

"மாரிசெல்வம் பூட்ட நான்தாம்லே வெட்டினேன்." கருத்தையா படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "உள்ள ஆள் இல்லன்னுதான் நெனச்சேன்... சத்தியமா! ஆனா நீ விட மாட்ட. ஆபீசர்ட்ட குடுப்பேன்னு நிக்க. எம் மவளுக்கு ஆவணியில கல்யாணம்லே. நான் ஜெயிலுக்குப் போனா அவ கதி?"

மாரிசெல்வம்!

மூன்று மாதத்துக்கு முன்னால், கெசியா லீவில் இருந்த ஒரு நாள், இதே மிக்ஸரில் செத்தவன். 'பூட்டு மாட்டாமல் இறங்கினார். அவருடைய கவனக்குறைவு' என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவன் மனைவி முத்துராணி மட்டும் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். "அவுக பூட்டு மாட்டாம உள்ள போற ஆளே இல்ல அண்ணே..."

போன வாரம் பேனல் ரூமில் கேபிள் போகிற பள்ளத்தைச் சுத்தம் செய்தபோது முப்பிடாதியின் கையில் அது தட்டுப்பட்டது. வளையம் வெட்டப்பட்ட ஒரு சிவப்புப் பூட்டு. அட்டையில் மாரிசெல்வம் சிரித்துக்கொண்டிருந்தான்!

இன்று மத்தியானம் பாளையங்கோட்டைக்குப் போய், தொழிற்சாலைகளைக் கவனிக்கிற அதிகாரியிடம் அதைக் கொடுப்பதாக இருந்தான். நேற்று அதை ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னான்.

நம்பிக்கையான ஆள் என்று!

"பூட்ட உன் சாப்பாட்டுப் பையில இருந்து எடுத்துட்டேன்." கருத்தையா பாக்கெட்டைத் தட்டிக் காட்டினார். "மன்னிச்சிருலே."

அவனைப் பார்த்துக்கொண்டே வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"சார்... நல்லாப் பாத்துட்டேன். உள்ளே ஆள் இல்லை."

அந்தப் பொய் இரண்டு முறை கேட்டது. ஒன்று மேலிருந்து. இன்னொன்று காதுக்குள்ளிருந்து.

மூடி விழுந்தது. போல்ட் இறுகியது.

இருட்டு!

"கேட்டீங்களா கெசியா? வெட்டுங்க!"

"சரி சார்... வெட்டுதேன்."

வேண்டாம் தாயி... வேண்டாம்!

டணக்!

இரும்பு அறுபட்டு விழும் சத்தம் காதில் அறைந்தது.

"வெட்டியாச்சு சார்." கெசியாவின் குரலில் சுரத்தே இல்லை.

"சுவிட்சப் போடுங்க. கருத்தையா, சுவிட்ச் போட்டாச்சுன்னு அந்தம்மா சொன்னதும் நீரு அங்கன பட்டன அமுக்கும்!"

முப்பிடாதியின் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. தவிட்டுத் தூசி மூக்கை அடைத்தது. மூச்சு போதவில்லை. மனைவி பிரேமலதா ஞாபகம் வந்தது. காலையில் அவளிடம் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் வந்துவிட்டான். கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்து துண்டில் இறங்கியது.

அழ நேரமில்லைலே... யோசி!

கை இல்லை. வாய் இல்லை. இருப்பது இடுப்பு ஒன்றுதான்.

இடுப்பில் வாக்கி-டாக்கி!

அதன் பக்கவாட்டில் பேசுகிற பட்டன். அதை அமுக்கினால்? பேச முடியாது, வாயில் டேப். ஆனால் ஒருவன் அமுக்கிப் பிடித்திருக்கும்வரை அந்த லைனில் வேறு யாரும் பேச முடியாது! சுவிட்ச் போட்டாச்சு என்று கெசியா சொல்ல முடியாது. பட்டனை அமுக்கு என்று மேனேஜர் சொல்ல முடியாது!

புரண்டான். இடப்பக்கம் ஒரு பிளேடு. அவனே காலையில் வெல்டிங் வைத்த பிளேடு. இன்னும் வெதுவெதுப்பு போகவில்லை. அதன் முனையில் இடுப்பை வைத்து அழுத்தினான். நழுவியது. மறுபடி. விலாவைக் கிழித்தது. மறுபடி...

இயர்போன் சட்டென்று செத்தது. இரைச்சல்கூட இல்லை.

அமுங்கிவிட்டது!

அழுத்தியபடியே கிடந்தான். ஒன்று... இரண்டு... மூன்று...

ஆனால் இப்போது அவனுக்கும் ஒன்றும் கேட்காது. வெளியே என்ன நடக்கிறது? கருத்தையா நேரில் ஓடிப்போய்ச் சொல்கிறாரா? மேனேஜர் போனில் சொல்கிறாரா? அமுக்கினால் செவிடு. விட்டால் சாவு. ஷாஃப்ட் எந்த விநாடி அசையுமோ என்று உடம்பு முழுவதும் காதாகக் கிடந்தான்.

இருபது... இருபத்தொன்று...

தாங்க முடியவில்லை. விட்டான்.

"...யாரு அமுக்கிக்கிட்டு இருக்கது?" கெசியா! "என் செட்டுல நாலாம் நம்பர்னு காட்டுது. நாலாம் நம்பர் முப்பிடாதி அண்ணன் செட்டு!"

"சார்ஜ் போடுத ஸ்டாண்டுல எங்கனயாவது நசுங்கியிருக்கும்ளா!" கருத்தையா பாய்ந்தார். "நீ சோலியப் பாரு. சுவிட்சப் போடு!"

"ஸ்டாண்டு எம் முன்னாலதான் இருக்கு அண்ணாச்சி. நாலாம் நம்பர் இடம் காலியா கெடக்கு."



பிறகு அவள் கேட்டாள். மெதுவாக. ஒவ்வொரு வார்த்தையாக.

"அண்ணே... நீங்களா? ஆமான்னா ரெண்டு தடவ அமுக்குங்க."

முப்பிடாதி இடுப்பை மோதினான்.

டிக். டிக்.

"வீட்டுல இருக்கீங்களா?"

அசையாமல் கிடந்தான்.

"அண்ணே... மிக்ஸருக்குள்ளயா இருக்கீங்க?"

டிக்! டிக்!

"சார்! உள்ள ஆள் இருக்கு சார்!"

"வெளையாடாதீங்க கெசியா!" ஜெய்சன் கத்தினார். "லைன்ல ஏதோ கோளாறு. சுவிட்சப் போடுங்க, இது ஆர்டர்!"

"சார், அவுக பதில் சொல்லுதாவ சார்!"

"போடுங்கறேன்ல!"

வெளியே இரும்பு மேடையில் பூட்ஸ் ஓடும் சத்தம். முப்பிடாதி அதைத் தன் முதுகால் உணர்ந்தான். தொட்டியின் பக்கவாட்டில் பட்டன் பெட்டி. அதன் தகரக் கதவு க்றீச்சென்று திறந்தது.

கருத்தையா!

கண்ணை இறுக மூடினான். பல்லைக் கடித்தான். முப்பிடாதி அம்மா... என்று பெயர் கொடுத்த சாமியைக் கூப்பிட்டான்.

க்ளிக்!

...

ஒன்றும் நடக்கவில்லை!

க்ளிக்! க்ளிக்! க்ளிக்!

ஷாஃப்ட் அசையவில்லை. நாற்பத்தெட்டு பிளேடுகளும் மரமாய் நின்றன.

"எத்தன தடவ அமுக்கினாலும் ஓடாது அண்ணாச்சி." கெசியாவின் குரலில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. "நீங்க அமுக்க அமுக்க எம் பேனல்ல விளக்கு எரிஞ்சு அணையுது. அவுக பூட்ட வெட்டினேன். வெட்டின கையோட எம் பூட்ட எடுத்து மாட்டிட்டேன். அவுகள கண்ணால பாக்காம கழத்தக் கூடாதுன்னு தோணிச்சு. சாவி எங் கழுத்துல கெடக்கு. வந்து எடுங்க பாப்போம்!"

பிறகு அதே லைனில் கத்தினாள்.

"குடோன்ல இருக்க அண்ணன்மாரு எல்லாம் மிக்ஸர் மேடைக்கு ஓடுங்க! முப்பிடாதி அண்ணன் உள்ள இருக்காவ! கருத்தையாவப் புடிங்க!"

மேல்மூடி படாரென்று திறந்தது.

டார்ச் இல்லை. பகல் வெளிச்சம். அதை மறைத்துக்கொண்டு கருத்தையா. கையில் பெரிய பைப் ஸ்பானர்!

"உன்னால என் குடும்பமே போச்சேலே..."

ஸ்பானர் ஓங்கியது.

ஓங்கியபடியே அந்தரத்தில் நின்றது! பின்னாலிருந்து லோடு ஏற்றும் ஆட்களின் ஆறு கைகள் அவர் கழுத்தையும் தோளையும் வளைத்திருந்தன.

*

முக்கால் மணி நேரம் கழித்து போலீஸ் ஜீப் வந்தது.

முப்பிடாதி நெல்லி மர நிழலில் உட்கார்ந்திருந்தான். உதட்டைச் சுற்றி டேப் உரிந்த சிவப்பு. விலாவில் கிழிசல். கெசியா அவன் தலையில் துணியை அழுத்திப் பிடித்திருந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் சித்ரலேகா, கருத்தையாவைச் சோதனை போட்டு, பாக்கெட்டிலிருந்து வெட்டுப்பட்ட பூட்டை எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டாள்.

மேனேஜர் ஜெய்சன் வேகமாக வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"நன்றிகெட்ட பயலே!"

பளார்! கருத்தையாவின் கன்னத்தில் விழுந்தது.

"கூட வேலை பாக்குதவனையே கொல்லப் பாத்தியேலே! மேடம், இவனைச் சும்மா விடாதீங்க. மாரிசெல்வத்தக் கொன்னதும் இவன்தான்!"

கருத்தையா கன்னத்தைத் தடவினார். அவர் கண்ணில் அதுவரை இருந்த அழுகை வற்றிவிட்டது.

"பூட்ட வெட்டினது நான்தான்னு எனக்கும் முப்பிடாதிக்கும் மட்டுந்தான் தெரியும். அவன் இன்னும் போலீஸுக்கு வாக்குமூலமே குடுக்கல..." மெதுவாக நிமிர்ந்தார். "ஒமக்கு எப்படி சார் தெரியும்?"

ஜெய்சன் சித்ரலேகாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் சொல்லட்டா? அன்னைக்கு 'லாரி நிக்குது, பூட்ட வெட்டுவே, உள்ள எவன் இருக்கப் போறான்'னு சொன்னதே நீருதான! செத்தப்புறம் 'பூட்டே மாட்டல'ன்னு எழுதினதும் நீருதான! நேத்து சாயங்காலம் முப்பிடாதி பூட்டு வச்சிருக்கான்னு சொன்னேன். என்ன சொன்னீரு? 'ஃபார்ம்ல கையெழுத்த நான் போட்டுத் தாறேன், மத்தத நீ பாத்துக்கோ'ன்னு சொல்லலயா? என்னய அடிக்கீரா நீரு?"

மேனேஜர் ஒரு அடி பின்னால் வைத்தார். அங்கே ஒரு கான்ஸ்டபிள் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க சார் போறீங்க?" சித்ரலேகா ஜீப்பின் பின்கதவைத் திறந்து விட்டாள். "ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு. ஏறுங்க!"

ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

முப்பிடாதி கெசியாவிடம் போனை வாங்கினான். முத்துராணியின் நம்பரைப் போட்டான். மணி அடித்தது. எடுத்தாள்.

"எம்மா... நான் முப்பிடாதி பேசுதேன்." மரத்தில் சாய்ந்துகொண்டான். "மாரிசெல்வம் பூட்டு மாட்டிட்டுத்தாம்மா உள்ள எறங்கியிருக்கான். நீ சொன்னதுதான் சரி. போலீஸ் கையில இருக்கு அந்தப் பூட்டு."

அந்தப் பக்கம் ஒரு விம்மல் மட்டும். முப்பிடாதி போனைக் காதிலேயே வைத்திருந்தான், அவள் அழுது முடிக்கும்வரை.

ஆம்புலன்ஸ் உள்ளே நுழைந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞன் குதித்து இறங்கினான். முப்பிடாதியின் கண் இமையை இழுத்துப் பார்த்தான்.

"அண்ணாச்சி, தல சுத்துதா?"

முப்பிடாதி மிக்ஸர் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தான். உரிந்த உதட்டில் சிரிப்பு எரிந்தது.

"சுத்த வேண்டியது சுத்தாமப் போச்சுல்லா... தலதானே, அது சுத்திட்டுப் போகட்டும்வே!"